முதல்ல விழக் கத்துக்கோங்க பாஸ்!

"ஏன்டி, நம்ம ஊர்ல இல்லாத காலேஜா? அங்க போய்ப் பனியில வெறைச்சுக் கிடக்கணுமா?"

கவுன்சலிங்ல ஹிமாச்சல் பிரதேசம்னு சீட் வந்ததும் எங்க வீட்டு ஹால்ல ஒலிச்ச முதல் டயலாக் இதுதான். உபயம்: அம்மா.

நமக்கு ஊர் ராஜபாளையம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். மொட்டை மாடியில துணி காயப்போடும்போது மலையைப் பார்ப்போம்... 'மேகம் இறங்குது, மழை வரப்போகுது'னு துணியை அள்ளிக்கிட்டு கீழே ஓடி வந்துடுவோம். பதினெட்டு வருஷமா எனக்கும் மலைக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அய்யனார் கோயில் ஆத்துக்கு வேன் வெச்சுப் போய்ப் புளியோதரை சாப்பிட்டதை வேணும்னா எக்ஸ்ட்ரா மார்க்கா சேர்த்துக்கலாம்.

2018 மார்ச் மாசம் தேனி மாவட்டம் குரங்கணியில, ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில சிக்கி இருபது பேருக்கு மேல இறந்துபோனாங்க, ஞாபகம் இருக்கா? அப்போ நான் ஏழாவது படிச்சேன். டி.வி. முன்னாடி அம்மா உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. அன்னியிலேர்ந்து எங்க வீட்ல 'ட்ரெக்கிங்' ஒரு கெட்ட வார்த்தை. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பொண்ணுதான் இப்போ ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டுப் பனிச்சரிவுல சறுக்கிட்டிருக்கேன். நடுவுல ஒரு கை உடைஞ்சுது. ஒரு டி.சி. வாங்கற அளவுக்குப் போச்சு. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க மக்களே!

என் காலேஜ் மண்டி மாவட்டத்துல, மலைக்கு நடுவுல இருக்கு. ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தா பைன் மரம், கீழே ஆறு. மணாலி அங்கேயிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். 2023 ஆகஸ்ட்ல நான் சேர்ந்தப்போ, ஜூலை வெள்ளத்துல பியாஸ் ஆறு அடிச்சுட்டுப் போன ரோட்டைப் பொக்லைன் வெச்சு சரிபண்ணிட்டிருந்தாங்க. முதல் நாளே மலை கொஞ்சம் முறைச்சுப் பார்த்த மாதிரி இருந்துச்சு. நானும் பதிலுக்கு முறைச்சேன். 'டிசம்பர் வரட்டும், பனியில உன்னை ஒரு கை பார்க்கிறேன்!'

டிசம்பர் வந்துச்சு. பனி வரல.

ஜனவரி 2024... அப்பவும் வரல. ஹிமாச்சல், காஷ்மீர் ரெண்டுமே காய்ஞ்சு கிடந்துச்சு. குல்மார்க்ல கேபிள் கார் கீழே வெறும் பழுப்புப் புல்வெளி இருக்கிற போட்டோ எல்லாருடைய மொபைல்லயும் சுத்திச்சு, பார்த்திருப்பீங்க. நாம வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற மாதிரி, இவங்க நம்புறது 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்'ங்கிற மேகக் கூட்டத்தை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்னு தாண்டி வந்து இமயமலையில முட்டி, பனியாக் கொட்டும். அந்த வருஷம் அது சரியா வரல. எனக்கு அது வெறும் ஏமாற்றம். என் கிளாஸ்மேட் ஒருத்தி குல்லு பொண்ணு. அவங்க வீட்ல ஆப்பிள் தோட்டம். ஆப்பிள் மரம் குளிர்காலத்துல போதுமான நேரம் குளிர்ல தூங்கினாத்தான் வசந்தத்துல ஒழுங்காப் பூக்கும். "உனக்குப் பனின்னா விளையாட்டு, எங்க அப்பாவுக்கு அது சம்பளம்"னு அவ சொன்னப்போ, நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஜனவரி கடைசியில, ஒருவழியா வானம் மனசு வெச்சது. பிப்ரவரி முதல் வாரம் மணாலி மொத்தமும் வெள்ளை. எங்க ஹாஸ்டல்ல ஆறு பேர் சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறிட்டோம். வீட்டுக்கு? 'லைப்ரரியில இருக்கேன்மா!'

மணாலியிலேர்ந்து 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கு சோலாங் பள்ளத்தாக்கு. உயரம் சுமார் 2,500 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கிட்டத்தட்ட அதே உயரம். ஆனா இமயமலையில அது அடிவாரம் மாதிரி! போற வழியெல்லாம் வாடகைக்கடை. நம்பர் போட்ட கடைகள், வாசல்ல ரோஸ், பச்சை, மஞ்சள்னு கோட்டுகள் தொங்கும். அன்னிக்கு அங்க இருந்த கூட்டத்தைப் பார்த்தா தி.நகர் தீபாவளி எல்லாம் தூசு. ஒரு மாசமா யாவாரமே இல்லாத கடைக்காரங்க, ஒரே வாரத்துல அதை ஈடுகட்டணும். ஒரு மாசமா காத்திருந்த டூரிஸ்ட்டுங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்துடணும். ரெண்டு அவசரமும் மோதின இடத்துல நான் நின்னேன்.

"கோட், பூட்ஸ், போர்டு, கைடு... எல்லாம் ஒரே பேக்கேஜ் மேடம்!"

கைடுன்னு வந்தவருக்கு என் வயசுகூட இருக்காது. கையில நாலு பேரை வெச்சிருந்தார். ஹெல்மெட் இல்லை. மணிக்கட்டுக்கு கார்டு இல்லை. "முழங்காலை மடக்கு, முன்னாடி பார்." இவ்வளவுதான் பாடம். இதுல பழியை அவர் மேல மட்டும் போட மாட்டேன். ஹெல்மெட் எங்கேன்னு நானும் கேட்கல. போட்டோவுல முடி நல்லா தெரியணுமே!

ஸ்னோபோர்டிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இடைவேளை. ஸ்கீயிங்ல காலுக்கு ஒண்ணா ரெண்டு நீளக் கட்டை, கையில ரெண்டு குச்சி. ஸ்னோபோர்டிங்ல ரெண்டு காலும் ஒரே பலகையில, பக்கவாட்டுல நிக்கணும். குச்சி கிடையாது. 1965-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்னு ஒரு இன்ஜினீயர் (நம்மாளு!), கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரெண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டி, தன் பொண்ணுக்கு விளையாடக் கொடுத்தார். அதுலேர்ந்து வளர்ந்த விளையாட்டு இது. 1998-ல ஜப்பான் நாகானோ ஒலிம்பிக்ஸ்ல இடமும் பிடிச்சிடுச்சு. பலகைக்கு அடியில இருக்கிறது ஒருவகை பாலிஎத்திலீன். அதுமேல மெழுகு தேய்ப்பாங்க. ஓரம் முழுக்க ஸ்டீல். திரும்பறது, நிக்கிறது எல்லாமே அந்த ஸ்டீல் ஓரத்தை வெச்சுத்தான்.

நம்ம கதையும் அந்த ஓரத்துலதான் முடிஞ்சது. சறுக்கும்போது மேட்டைப் பார்த்த பக்கத்து ஓரம்தான் பனியில கடிக்கணும். பள்ளத்தைப் பார்த்த ஓரம் தப்பித்தவறிப் பனியில குத்திச்சுன்னா, பலகை சட்டுனு நின்னுடும். நீங்க நிக்க மாட்டீங்க. நியூட்டன் முதல் விதி! ஃபிசிக்ஸ் தியரியில எனக்கு நல்ல மார்க். பிராக்டிகல்ல, மூணாவது சறுக்கல்லயே மூஞ்சி குப்புற. கையை நீட்டி ஊனிட்டேன். 'டக்'னு ஒரு சத்தம். கேரம்போர்டு ஸ்ட்ரைக்கர் கட்டையில பட்ட மாதிரி.

வலது மணிக்கட்டு.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டருக்கு ஆச்சரியமே இல்லை. "ஸ்கீயிங் பண்றவங்க முழங்காலைத் தூக்கிட்டு வருவாங்க, ஸ்னோபோர்டுகாரங்க மணிக்கட்டைத் தூக்கிட்டு வருவாங்க"ன்னார். யோசிச்சுப் பார்த்தா லாஜிக் சரிதான். ஸ்கீயில விழுந்தா பூட்ஸ் தானா கழண்டுக்கும். ஆனா ரெண்டு கட்டையும் ரெண்டு பக்கம் இழுக்குறதுல முழங்கால் முறுக்கிக்கும். ஸ்னோபோர்டுல கால் ரெண்டும் ஒண்ணாப் பூட்டியிருக்கு, கழண்டுக்காது. அதனால முழங்கால் தப்பிக்கும். ஆனா தடுமாறினா ஒரு எட்டு முன்னாடி வெச்சு சமாளிக்க முடியாது. மிச்சம் இருக்கிறது கை மட்டும்தான். மனுஷ மூளை கையைத்தான் நீட்டும்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் டிராயிங்கை இடது கையால போட்டு, சார்கிட்ட காமிச்சா, "இது ஐசோமெட்ரிக் வியூவா, மாடர்ன் ஆர்ட்டா?"ன்னார்.

அம்மாகிட்ட? 'ஹாஸ்டல் படியில வழுக்கிட்டேம்மா!' பத்து நாள் ஓடுச்சு. எங்க காலேஜ்ல இருக்கிற ஒரே தமிழ் சீனியர் அக்கா, பாசம் பொங்கி, என் மாவுக்கட்டு மேல ஸ்கெட்ச் பேனாவுல கொட்டை எழுத்துல ஒண்ணு எழுதிட்டாங்க. வீடியோ கால்ல அம்மா கண்ணைச் சுருக்கிப் படிச்சாங்க.

"அது என்னடி... 'பனிமலைப் புலி'யா?"

மாட்டினேன். அம்மா கத்தல. கத்தியிருந்தா பரவாயில்லை. போனை அப்பாகிட்ட கொடுத்துட்டு எழுந்து போயிட்டாங்க. மூணு நாள் பேசவே இல்லை. நாலாவது நாள் ஒரே வரி: "டி.சி. வாங்கிட்டு வந்துடு. இங்க எந்த காலேஜ்லயாவது சேர்த்துக்கலாம்." நிஜமாவே விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு தம்பி ரகசியமா மெசேஜ் அனுப்பினான். கை உடைஞ்சப்போ அழாதவ, அன்னிக்கு ராத்திரி போர்வைக்குள்ள அழுதேன்.

அப்பா பஞ்சாயத்து பண்ணி ஒரு ஒப்பந்தம் போட்டார். ஷரத்து ஒண்ணு: எங்க போனாலும் போறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லணும். ஷரத்து ரெண்டு: அம்மா சரின்னு சொல்ற வரைக்கும் பனிப் பக்கமே போகக்கூடாது. கையெழுத்து, இடது கையில!

அந்த வருஷம்தான் நான் நிஜமா மலைக்குப் பக்கத்துல குடியிருக்க ஆரம்பிச்சேன்னு சொல்லலாம். பெருசா ஒண்ணும் இல்லை. காலையில ஆத்தங்கரையில நடக்கிறது. மார்ச்ல மலைச்சரிவு முழுக்க செக்கச் செவேல்னு புராஸ் பூக்கும். அதான் நம்ம நீலகிரியிலயும் இருக்கிற காட்டுப் பூவரசு. இங்க அதைப் பறிச்சு சர்பத் போடுறாங்க. அதைக் குடிச்சுக்கிட்டே சும்மா மேகம் பார்க்கிறது. குல்லு தோழிதான் டீச்சர். "அந்த முனையில மேகம் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்துச்சுன்னா மத்தியானத்துக்கு மேல மேலே போகாதே"ன்னு சொல்வா. எங்க அம்மா மொட்டை மாடியில செய்யறதும் இதேதான்னு அப்புறம்தான் உறைச்சுது.

அக்டோபர்ல பீர் பில்லிங் போனோம். 2015-ல பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த இடம். பில்லிங்ல சுமார் 2,400 மீட்டர் உயரத்துல ஓடிக் குதிச்சு, பீர் கிராமத்துல இறங்கணும். மழைக்காலத்துல, ஜூலை நடுவுலேர்ந்து செப்டம்பர் நடு வரைக்கும் ஹிமாச்சல்ல பாராகிளைடிங்குக்குத் தடை. இந்தத் தடவை நான் பண்ணின முதல் வேலை, பைலட்கிட்ட "லைசென்ஸ் காட்டுங்க"ன்னு கேட்டது. மனுஷன் கோவிச்சுக்கல, சிரிச்சுக்கிட்டே எடுத்துக் காமிச்சார். "ஓடிக்கிட்டே இரு, காத்துல கால் தூக்குற வரைக்கும் உட்காராதே. பயத்துல முன்னாடியே உட்கார்றவங்கதான் அடிபடுவாங்க"ன்னார். பறந்தேன். சூப்பர். ஆனா பின்னாடி இருக்கிற பைலட்தான் எல்லாம் பண்றார், நான் வெறும் லக்கேஜ். மாசப் பணம் மொத்தமும் இருபது நிமிஷத்துல காலி. அம்மாகிட்ட முன்னாடியே சொன்னேன். "ம்"னாங்க. அதுவே பெரிய விஷயம்!

திருப்பம் நடந்தது டிசம்பர்ல. பராஷர் ஏரி. மண்டி பக்கத்துல 2,730 மீட்டர் உயரத்துல இருக்கு. ஏரிக்குள்ள மிதக்குற ஒரு புல் தீவு, கரையில மூணு அடுக்கு மரக் கோயில். பாக்கி கிராமத்துலேர்ந்து நடந்தா ஏழெட்டு கிலோமீட்டர். எங்க ஹைக்கிங் குரூப்பை நடத்துற சீனியர் பையா, ரொம்ப சாது. கிளம்பும்போதே சொல்லிட்டார்: "மத்தியானம் ஒரு மணிக்கு எங்க இருக்கோமோ, அங்கேயிருந்து திரும்பிடுவோம்."

நாங்க லேட். முதல் நாள் பெய்த பனியில கால் புதையுது. ஒரு மணிக்கு, மரங்கள் முடிஞ்சு புல்வெளி தொடங்குற இடம். ஏரி இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. வெயில் பளிச்சுனு இருக்கு. "திரும்பு"ன்னார். ரெண்டு பசங்க சண்டையே போட்டாங்க. "அரை மணி நேரம் பையா, ப்ளீஸ்!" எனக்கும் நாக்கு துடிச்சுது. அப்போ மணிக்கட்டு குளிர்ல லேசா வலிச்சுது பாருங்க... நான்தான் முதல்ல திரும்பி நடந்தேன். பாதி வழி இறங்கும்போது மேகம் வந்து மூடிச்சு. பத்தடி தள்ளிப் போறவங்க முதுகு தெரியல. கீழே வந்து சேர்ந்தப்போ இருட்டிடுச்சு. யாரும் ஒண்ணும் பேசிக்கல.

ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டு விழும்னு காதை ஒரு அங்குலம் தள்ளி வெச்சுக்கிட்டேன்.

"ஏரியைப் பார்க்கலையா?"

"இல்லம்மா. திரும்பிட்டோம்."

"நீயே திரும்பிட்டியா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பிப்ரவரியில அந்தப் பலகை விளையாட்டுக்குப் போகணும்னா போ. ஒழுங்கா சொல்லிக் குடுக்கிற ஆள் இருக்கணும்."

உச்சிக்குப் போயிருந்தா இந்த பர்மிஷன் கிடைச்சிருக்காதுன்னு நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவேன்.

ஒழுங்கா சொல்லிக் கொடுக்க மணாலியிலேயே இடம் இருக்கு. 1961-ல ஆரம்பிச்ச அரசு மலையேற்ற நிறுவனம், இப்போ அடல் பிகாரி வாஜ்பாய் பேர்ல இருக்கு. மலையேற்றத்துல அடிப்படைப் பயிற்சியே 26 நாள். ஸ்கீயிங்குக்கும் தனிப் பயிற்சி உண்டு. நமக்குத்தான் அட்டெண்டன்ஸ்னு ஒரு வில்லன் இருக்கே! அதனால அங்க பயிற்சி முடிச்ச ஒரு உள்ளூர் மாஸ்டரை, குல்லு தோழி மூலமா பிடிச்சோம். சோலாங் பக்கத்துல புருவான்னு ஒரு கிராமம். துருக்கியில 2018-ல ஸ்கீயிங் வெண்கலம் ஜெயிச்சு, சர்வதேசப் போட்டியில மெடல் வாங்கின முதல் இந்தியர்னு பேர் எடுத்த ஆஞ்சல் தாக்கூரோட ஊர். இந்தப் பக்கம் வசிஷ்ட் கிராமத்து சிவா கேசவன், லூஜ்னு ஒரு பனிச்சறுக்கு வண்டி விளையாட்டுல, 1998 நாகானோவுல ஆரம்பிச்சு ஆறு குளிர்கால ஒலிம்பிக்ஸ் ஆடினவர். அவங்க அப்பா கேரளாக்காரர். பயிற்சிக்கு ஐஸ் டிராக் இல்லாம, வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவுல மலை ரோட்டுல படுத்துக்கிட்டே சறுக்கினாராம். (அம்மா, நீங்க இந்தப் பாராவைப் படிக்க வேணாம்!)

2025 பிப்ரவரி. இந்த முறை ஹெல்மெட், மணிக்கட்டு கார்டு எல்லாம் கடன் வாங்கிட்டுப் போனேன். மாஸ்டர் போர்டைத் தொடவே விடல. சமதரையில நிக்கவெச்சு, பின்னாடியிலேர்ந்து லேசாத் தள்ளினார். தடுமாறி எந்தக் கால் முன்னாடி வருதோ, போர்டுலயும் அதுதான் முன்னாடி. எனக்கு வலது. அதுக்கு 'கூஃபி'னு பேராம். போன வருஷம் இடது காலை முன்னாடி கட்டிவிட்டிருந்தாங்க!

அடுத்தது, "விழு."

"எதுக்கு மாஸ்டர்?"

"எப்படியும் விழத்தான் போறே. முதல்ல அதைக் கத்துக்கோ பேட்டி."

முன்னாடி விழுந்தா முதல்ல முழங்கால், அப்புறம் முழங்கை வரைக்கும் மொத்தக் கையும் ஒண்ணாப் பனியில படணும். விரல்களை மூடி முஷ்டியா வெச்சுக்கணும். உள்ளங்கையை ஊனவே கூடாது. பின்னாடி விழுந்தா, அப்படியே குந்தி, தாடையை நெஞ்சோட சேர்த்துக்கிட்டு, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, பந்து மாதிரி உருளணும். காலையில முழுக்க இதே வேலை. நாற்பது வாட்டியாவது விழுந்திருப்பேன். பக்கத்துல உரச் சாக்கு மேல உட்கார்ந்து சறுக்கிட்டிருந்த உள்ளூர் வாண்டுகள் எல்லாம் விளையாட்டை நிறுத்திட்டு, என்னைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பிச்சிட்டாங்க. மானம் போச்சு. மணிக்கட்டு போகல.

மத்தியானம்தான் போர்டு. முதல்ல ஒரு கால் மட்டும் மாட்டி நடக்கணும். அப்புறம் ரெண்டு கால். குதிகால் பக்கத்து ஓரத்துல உடம்பை வெச்சு, மரத்துலேர்ந்து இலை விழற மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு மெதுவா இறங்கறது. அந்தப் பயிற்சிக்குப் பேரே 'ஃபாலிங் லீஃப்'. லிஃப்ட் கிடையாது, போர்டைத் தோள்ல சுமந்துக்கிட்டு நாமளே ஏறணும். ஒரு நிமிஷம் சறுக்க, பதினஞ்சு நிமிஷம் ஏத்தம். மூணாவது சனிக்கிழமைதான் எனக்கு முதல் திருப்பம் வந்துச்சு, குதிகால் ஓரத்துலேர்ந்து விரல் ஓரத்துக்கு. ரெண்டு செகண்ட் இருக்கும். காத்து மட்டும் காதுல கேட்டுச்சு. அதுக்கு அடுத்த செகண்ட் விழுந்தேன். முஷ்டி மூடியிருந்துச்சு!

ஒரே நாள் டூர்ல வர்றவங்களுக்கு இந்த மூணு சனிக்கிழமை கிடையாது. அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு அருகதை இல்லை, நானும் அப்படித்தான் போனேன். ஆனா வாடகைக்கு எடுக்கிறவங்க ஹெல்மெட்டையும் கார்டையும் கேட்டு வாங்குங்க. கைடு எங்க பயிற்சி எடுத்தார்னு கேளுங்க. பதில் வரலேன்னா, பேசாம மேகி சாப்பிட்டுட்டு பனிமனிதன் செஞ்சுட்டு வந்துடுங்க. பனிமனிதன் யார் கையையும் உடைச்சதா சரித்திரம் இல்லை.

நம்ம ஊர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். குரங்கணிக்கு அப்புறம் 2018-லயே தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க. ஆன்லைன்ல புக் பண்ணினா, பயிற்சி பெற்ற உள்ளூர் கைடு கூட வருவாங்க. லீவுக்கு ஊருக்கு வந்தப்போ அந்த லிஸ்ட்டைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சாங்க. "நாங்கள்லாம் வரலாமா?"ன்னு அப்பாகிட்ட கேட்டாங்க. அப்பா பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டார்.

அன்னிக்கு ராத்திரி, தோழி எடுத்த சோலாங் வீடியோவை டி.வி.யில போட்டுக் காட்டினேன். அந்த ரெண்டு செகண்ட் திருப்பம், அப்புறம் தொபுக்கடீர்! அம்மா உடம்பு ஒருதடவை தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் எழுந்து பனியைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறது வரைக்கும் பார்த்தாங்க.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். மூணு வாட்டி பார்த்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல. 'எப்படிம்மா விழுந்தேன்?'னு கேட்க வாயைத் திறக்கிறதுக்குள்ள, டி.வி. கிட்டப் போய் என் ரோஸ் கலர் கோட்டை உத்துப் பார்த்தாங்க.

"இது வாடகைக் கோட்டுதானே? துவைச்சுத்தான் குடுத்தாங்களா?"